இரவு அயனி மண்டலத்தைப் படிக்க எந்த வழி? அயனோசோண்ட், ஜிபிஎஸ், வான் ஒளிர்வு, செயற்கைக்கோள்: ஓர் ஒப்பீடு

ஒவ்வொரு டிசம்பரிலும் முதுகலை இயற்பியல் மாணவர்கள் யாராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள்: "சார், ராத்திரியில எலக்ட்ரான் அடர்த்தி எப்படி மாறுதுன்னு புராஜெக்ட் எடுத்திருக்கேன். ஜிபிஎஸ் தரவு போதுமா, அயனோசோண்ட் வேணுமா?" ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிக்க வேண்டும். கையில் கருவி கிடையாது, ஒரு மடிக்கணினியும் இணையமும்தான். பொருந்தாத தரவை எடுத்துவிட்டால் அது தெரியவரும்போது மார்ச் முடிந்திருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## ராத்திரியில் என்னதான் நடக்கிறது

அயனி மண்டலம் என்பது சூரிய ஒளியால் எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்துகிடக்கும் மேல் வளிமண்டலப் பகுதி. அந்தக் கலவைக்குப் பெயர் பிளாஸ்மா. இந்தியாவின் தென்முனையை ஒட்டிக் காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலக் கோடுகள் படுத்த வாக்கில் இருக்கும் கோடு, போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏறுவதற்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்ததும் அதே காரணத்தால்தான்.

சூரியன் மறைந்ததும் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கும் இ அடுக்கு சீக்கிரமே மெலிந்துவிடும். அங்கே இருப்பவை மூலக்கூறு அயனிகள். எலக்ட்ரானைக் கண்டதும் சேர்ந்துகொள்ளும். மேலே எஃப் அடுக்கில் கதை வேறு. அங்கே இருப்பது ஆக்சிஜன் அணு அயனி. அது முதலில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறோடோ ஆக்சிஜன் மூலக்கூறோடோ வினைபுரிந்து மூலக்கூறு அயனியை உண்டாக்க வேண்டும், அப்புறம்தான் எலக்ட்ரானோடு சேர்க்கை நடக்கும். மேலே போகப் போக மூலக்கூறுகள் குறைவு, ஆகவே எலக்ட்ரானுக்கு ஆயுள் அதிகம். அடுக்கு 400 கிலோமீட்டரில் நின்றால் பல மணி நேரம் தாங்கும். 250 கிலோமீட்டருக்கு இறங்கினால் மளமளவென்று கரையும். இரவில் புதிதாக எலக்ட்ரான் உற்பத்தி கிட்டத்தட்ட இல்லை என்பதால், அடுக்கு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே பெரும்பாலும் அடர்த்தியைத் தீர்மானிக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கருவித் தேர்வில் பாதி முடிந்தது.

அந்த உயரமும் சும்மா இருப்பதில்லை. மாலை ஏழு மணி வாக்கில் கிழக்கு நோக்கிய மின்புலம் ஒரு முறை வலுத்து, பிறகு மேற்கு நோக்கித் திரும்பும். அந்த வலுப்பில் அடுக்கு சரசரவென்று மேலேறும். அடர்ந்த பிளாஸ்மா மேலேயும் மெலிந்தது கீழேயும் நிற்கிற அந்த நிலை, எண்ணெய்க்கு மேல் தண்ணீர் நிற்பது போன்றது. கீழிருந்து மெலிந்த பகுதி குமிழியாகக் கிழித்துக்கொண்டு மேலே போகும். இதுதான் பிளாஸ்மா குமிழி. அதே ஏற்றம் நடுக்கோட்டிலிருந்து பிளாஸ்மாவை அள்ளிக்கொண்டுபோய், காந்தப்புலக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் கொட்டும். அதனால் திருநெல்வேலிக்கு மேலே அடர்த்தி குறைகிற அதே மாலையில் போபாலுக்கு மேலே அது கூடலாம். நள்ளிரவில் காற்று திசை மாறி, நடுக்கோட்டை விட்டுத் தள்ளிய இடங்களில் அடுக்கைக் கீழே தள்ளும். விடியலுக்குச் சற்று முன் அடர்த்தி இரவிலேயே மிகக் குறைந்த அளவுக்கு வரும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், அந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது என்பது. உச்சத்தில் உள்ள அடர்த்தியா, தரையிலிருந்து மேலே வரை உள்ள மொத்தக் கூட்டா, அல்லது அடர்த்தியே அல்லாமல் அதில் விழும் கிழிசல்களா? "எலக்ட்ரான் அடர்த்தி" என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே மொத்தக் கூட்டை மட்டும் வரைந்த ஆய்வேடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, உயரம் தெரிகிறதா. மூன்றாவது, ஒரே இடத்தை மாலை முதல் விடியல் வரை விடாமல் பார்க்கிறதா. நான்காவது, மறைவான செலவு. பணத்தை மட்டும் சொல்லவில்லை; கையால் படிக்க வேண்டிய நேரம், அனுமதிக் கடிதம், மேகம், நிலா, கருவிப் பிழை எல்லாமே செலவுதான். ஐந்தாவது, இதையெல்லாம் ஒரு மாணவர் நான்கு மாதத்தில் முடிக்க முடியுமா.

## அயனோசோண்ட்

அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே நேர் மேலே வானொலித் துடிப்பு அனுப்பும் கருவி. 300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எதிரொலி வர 2 மில்லி விநாடி. எந்த அதிர்வெண் வரை எதிரொலி வருகிறதோ அதுவே எஃப் அடுக்கின் உச்ச அடர்த்தியைச் சொல்லிவிடும். மெகாஹெர்ட்ஸில் உள்ள அந்த எண்ணை வர்க்கப்படுத்தி 1.24 × 10¹⁰ ஆல் பெருக்கினால் ஒரு கன மீட்டரில் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கை. இரவு எட்டு மணிக்கு 9 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 10¹². விடிகாலை 3 மெகாஹெர்ட்ஸ் என்றால் 1.1 × 10¹¹. அதிர்வெண் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் அடர்த்தி ஒன்பதில் ஒன்றாகியிருக்கும். இடையில் எந்த அனுமானமும் இல்லை. இந்த நேர்மைக்காகவே எனக்கு அயனோசோண்ட் பிடிக்கும்.

உயரமும் கிடைக்கும், ஆனால் அது போலி உயரம். துடிப்பு பிளாஸ்மாவுக்குள் வேகம் குறைந்து போய்வருவதால் காட்டுவது எப்போதும் உண்மையைவிடக் கூடுதல். இன்னொரு சிக்கல்: அடுக்கின் அடிப்பக்கம் 300 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும்போது, அங்குள்ள எலக்ட்ரான்கள் கரைவதாலேயே அடிப்பக்கம் மேலேறுவது போலத் தெரியும். அதை மின்புலத்தால் வந்த ஏற்றம் என்று எழுதிவிடக் கூடாது. திருத்தம் போட வேண்டும்.

மறைவான செலவு நேரம்தான். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 73 அயனோகிராம் (எதிரொலியின் வரைபடம்). தானியங்கி மென்பொருள் பகலில் நன்றாகப் படிக்கும். இரவில் குமிழி வந்துவிட்டால் திணறிவிடும். நல்ல அயனோகிராமில் இரண்டு மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று தொடர்ந்து வளைந்து மேலேறும். குமிழியால் எதிரொலி சிதறும் நேரத்தில், அதாவது பரவல் எஃப் வந்த நேரத்தில், அவை கரும்பலகையில் எழுதிய கோட்டை உள்ளங்கையால் தேய்த்தது போல ஆகிவிடும். 1938இல் பெருவின் ஹுவான்காயோவில் பதிவாகி முதன்முதலில் விவரிக்கப்பட்ட காட்சி இது. அந்த நேரத்து உச்ச அதிர்வெண்ணை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. "படிக்க இயலவில்லை" என்றுதான் குறிக்க வேண்டும். தெளிவாக உள்ளவற்றிலும் கவனம் தேவை. இரண்டு கோடுகளில் தவறான கோட்டைப் படித்தால் நம் பகுதியில் சுமார் அரை மெகாஹெர்ட்ஸ் கூடிவிடும். 3க்குப் பதில் 3.5 என்று படித்தால் அடர்த்தி 36 சதவீதம் ஏறிவிட்டது என்று பொருள். ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் முப்பது இரவுகளுக்கு 110 மணி நேரம் உட்கார வேண்டும்.

உச்சத்துக்கு மேலே உள்ளது எதுவும் இதற்குத் தெரியாது. பல நாட்டு நிலையங்களின் பதிவுகள் பொதுத் தரவுத்தளத்தில் கிடைக்கின்றன. நம் ஊர் நிலையங்களுக்கு வழிகாட்டி மூலம் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருக்கும் வாரங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஜிபிஎஸ் வழி டெக்

இரட்டை அதிர்வெண் ரிசீவருக்கு வரும் இரண்டு அலைகளும் பிளாஸ்மாவில் வெவ்வேறு அளவு தாமதமாகும். அந்த வித்தியாசத்திலிருந்து, செயற்கைக்கோள் முதல் ரிசீவர் வரை உள்ள பாதையில் மொத்தம் எத்தனை எலக்ட்ரான் என்று கணக்கிடலாம். ஆய்வகப் பேச்சில் இதுதான் டெக். ஒரு சதுர மீட்டருக்கு 10¹⁶ எலக்ட்ரான் என்றால் ஒரு டெக் அலகு, அது 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையில் 16 சென்டிமீட்டர் தூரப் பிழை உண்டாக்கும்.

இதன் பலம் சொல்லி மாளாது. தரவு இலவசம். பெங்களூரு, ஹைதராபாத் நிலையங்களின் கோப்புகள் சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் சேவையில் கிடைக்கின்றன. 30 விநாடிக்கு ஒரு அளவீடு. மேகம், நிலா எதுவும் தடையில்லை. குமிழி கடந்தால் டெக் சட்டென்று இறங்கி ஏறும். அந்தத் துடிப்பை ரோட்டி என்ற குறியீடாக்கி எந்த இரவு, எத்தனை மணிக்கு என்று பட்டியலிட்டுவிடலாம்.

ஆனால் இரவுக்கு மட்டும் உரிய மூன்று பொறிகள் இதில் உண்டு.

முதலாவது கருவிப் பிழை. ரிசீவருக்குள்ளும் செயற்கைக்கோளுக்குள்ளும் இரண்டு அலைகளுக்கும் ஏற்படும் தாமதம் ஒன்றாக இருக்காது. ஒரு நானோ விநாடி வித்தியாசம் 2.85 டெக் அலகாகிவிடும். பகலில் 60, 70 அலகு இருக்கும்போது இது உறுத்தாது. விடிகாலையில் மொத்தமே சில அலகுகள் எனும்போது, இரண்டு நானோ விநாடிப் பிழை முழு அளவையே விழுங்கிவிடும். நான் ஆய்வில் நுழைந்த புதிதில் விடிகாலை டெக் ஒவ்வொரு இரவும் ஒரே அளவு உயர்ந்து நிற்பதைப் பார்த்து, நள்ளிரவுக்குப் பிந்தைய அடர்த்தி உயர்வு என்று இரண்டு மாதம் அதன் பின்னால் போனேன். ரிசீவரின் ஆன்டெனா கேபிளை மாற்றிய தேதியை ஒரு குறிப்பேட்டில் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தத் தேதிக்கு முன்னால் உயர்வே இல்லை. அதனால் இப்போது யார் வந்தாலும் முதலில் கேட்பது: விடிகாலை மதிப்பு எந்த இரவிலாவது பூஜ்யத்துக்குக் கீழே போகிறதா? எல்லா இரவிலும் ஒரே அளவு தூக்கி நிற்கிறதா? இரண்டில் எது நடந்தாலும் பிழைத் திருத்தத்தைத் திரும்பப் பாருங்கள்.

இரண்டாவது, பிளாஸ்மா கோளம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எஃப் அடுக்குக்கு மேலே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிந்துள்ள மெல்லிய பிளாஸ்மாவும் டெக்கில் சேரும். பகலில் அதன் பங்கு சிறிது. இரவில் எஃப் அடுக்கு கரைந்துவிட, கூட்டில் பெரும்பங்கு மேலே இருப்பதாகிவிடலாம். ஆகவே டெக் மெதுவாகக் குறைகிறது என்பதால் உச்ச அடர்த்தியும் மெதுவாகத்தான் குறைகிறது என்று எழுத முடியாது. அடுக்கு அப்படியே 100 கிலோமீட்டர் இறங்கினாலும் அந்தக் கணத்தில் டெக் மாறாது. முன்னே சொன்ன உயரக் கதை முழுவதும் இதற்குக் குருட்டு இடம்.

மூன்றாவது, செயற்கைக்கோள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிழக்கே நகரும் குமிழியை, தானும் நகர்கிற பார்வைக் கோடு துரத்தும்போது குமிழி உண்மையைவிட அகலமாகத் தெரியும். இதற்கு இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் நல்ல மருந்து. அதன் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நம் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதால், மாற்றம் முழுவதும் அயனி மண்டலத்துடையது என்று துணிந்து சொல்லலாம். சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதாகிவிட்டன. எடுக்கும் காலத்தில் எது நலமாக இருந்தது என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

## வான் ஒளிர்வு

வான் ஒளிர்வு என்பது இரவு வானம் தானே வெளிவிடும் மெல்லிய ஒளி. அதில் 630.0 நானோமீட்டர் சிவப்பு ஒளி, எஃப் அடுக்கின் அடிப்பக்கம் சுமார் 250 கிலோமீட்டரில் எலக்ட்ரான் சேர்க்கையின்போது பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, குறுகிய வடிகட்டியும் குளிர்விக்கப்பட்ட கேமராவும் வேண்டும். முழு வானப் படத்தில் குமிழிகள் வடக்கு தெற்காக நீண்ட கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். அடுத்தடுத்த படங்களை ஓடவிட்டால் அவை விநாடிக்கு நூறு மீட்டர் அளவில் கிழக்கே நகர்வதைப் பார்க்கலாம். குமிழியின் உருவத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு இதற்கு இணை இல்லை.

அடர்த்தியை அளக்க இது சரியான வழியல்ல. ஒளி கூடினால் எலக்ட்ரான் கூடியதாலா, அடுக்கு கீழே இறங்கி மூலக்கூறுகள் நிறைந்த இடத்துக்கு வந்ததாலா என்று ஒளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நள்ளிரவில் அடுக்கு இறங்கும்போது வானம் பிரகாசமாகும், அதே நேரம் அடர்த்தி சரிந்துகொண்டிருக்கும். அப்புறம் நிலா. மாதத்தில் பாதி இரவுகள் அதனாலேயே போய்விடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மீதியும் போகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் பக்கம் வானம் ஓரளவு தெளிவு, மார்ச், ஏப்ரலில் குமிழிகளும் அடிக்கடி வரும். இது ஒரு நல்ல பொருத்தம். ஏற்கெனவே கேமரா ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வகத்தில் இடம் கிடைத்தால் மட்டும் இதை எடுங்கள்.

## செயற்கைக்கோள்கள்

காஸ்மிக்-2 என்பது 2019 ஜூன் 25 அன்று ஏவப்பட்ட ஆறு செயற்கைக்கோள்கள். சுற்றுப்பாதைச் சாய்வு 24 பாகைதான் என்பதால் முழு நேரமும் வெப்பமண்டலத்துக்கு மேலேயே சுற்றுகின்றன. ஜிபிஎஸ் அலை பூமியின் விளிம்பை ஒட்டி வளைந்து வருவதை அளந்து, அடர்த்தி உயரத்தோடு எப்படி மாறுகிறது என்ற முழு வடிவத்தையும் கொடுக்கின்றன. கேட்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கிடும்போது, அந்த வட்டாரம் முழுவதும் அயனி மண்டலம் கிடைமட்டமாக ஒரே மாதிரி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நடுக்கோட்டில் பள்ளமும் இருபுறமும் மேடுமாக இருக்கும் நம் பகுதிக்கு அந்த அனுமானம் பொருந்துவதில்லை. உச்சத்துக்குக் கீழே உள்ள மதிப்புகளை, குறிப்பாக மாலையில், அப்படியே நம்ப வேண்டாம்.

ஸ்வார்ம், 2013 நவம்பர் 22 அன்று ஏவப்பட்ட மூன்று துருவச் செயற்கைக்கோள்கள். பிளாஸ்மாவில் நீட்டிய மின்முனையான லாங்முயர் ஆய்வி மூலம் தான் பறக்கும் இடத்து அடர்த்தியை நேரடியாக அளக்கிறது. ஒரே பறப்பில் தெற்கு மேடு, பள்ளம், வடக்கு மேடு மூன்றும் வரைபடத்தில் விழும். குறை என்னவென்றால், குறிப்பிட்ட தீர்க்கரேகையை ஒரு நாளில் ஓரிரு முறைதான் கடக்கும். எல்லா உள்ளூர் நேரங்களையும் பார்த்து முடிக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். ஓர் இரவின் கதையை இதில் தேடக் கூடாது. பருவங்களின் கதைக்கு அருமையான தரவு.

## ரேடார், மாதிரி

திருப்பதி பக்கம் காதங்கியில் உள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் பார்ப்பது சுமார் 2.8 மீட்டர் அளவுள்ள கிழிசல்களை, அடர்த்தியை அல்ல. அடர்த்தியை உயரவாரியாக அளக்கும் பெரிய ரேடார், லிமாவுக்கு அருகே உள்ள ஹிகமார்க்காவில் இருக்கிறது, தரவு பொதுவில் கிடைக்கும். உங்கள் கேள்வி இயற்பியல் செயல்முறை பற்றியது, ஊர் முக்கியமில்லை என்றால் தாராளமாகப் பெருவின் இரவை எடுத்துக்கொள்ளலாம்.

அயனி மண்டலத்துக்கான சர்வதேசக் கணினி மாதிரியான ஐஆர்ஐயை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அது மாத சராசரி நிலை. நேற்றிரவு குமிழி வந்ததா என்று அதைக் கேட்க முடியாது.

## ஒரே பார்வையில்

| | அயனோசோண்ட் | ஜிபிஎஸ் டெக் | வான் ஒளிர்வு | காஸ்மிக்-2, ஸ்வார்ம் |
|---|---|---|---|---|
| அளப்பது | உச்ச அடர்த்தி | பாதையின் மொத்தக் கூட்டு | சேர்க்கை ஒளி | உயரவாரி வடிவம்; பறக்கும் இடத்து அடர்த்தி |
| உயரம் | உண்டு, திருத்தம் தேவை | இல்லை | மறைமுகம் | காஸ்மிக்-2இல் உண்டு |
| முழு இரவும் ஒரே இடம் | ஆம் | ஆம் | மேகம், நிலா விட்டால் | இல்லை |
| குமிழி நேரத்தில் | உச்சம் படிக்க முடியாது | மிக நன்று | உருவமே தெரியும் | ஸ்வார்மில் தெரியும் |
| மறைவான செலவு | கையால் படிக்கும் நேரம், அனுமதி | கருவிப் பிழை, பிளாஸ்மா கோளம் | கருவி விலை, வீணாகும் இரவுகள் | அனுமானப் பிழை, சிதறிய நேரங்கள் |
| தனி மாணவர், நான்கு மாதம் | பத்து இரவு வரை | முடியும் | ஆய்வகம் இருந்தால் | முடியும் |

## யாருக்கு எது

எந்தெந்த இரவு குமிழி வந்தது, எந்தப் பருவத்தில் அதிகம் என்பது கேள்வியானால் யோசிக்காமல் டெக், கூடவே ரோட்டி. கருவிப் பிழை இதில் தொந்தரவே செய்யாது, ஏனென்றால் பார்ப்பது மாற்றத்தை மட்டும்தான். நான்கு மாதத்தில் பத்திரமாக முடிகிற தலைப்பு இது.

நள்ளிரவுச் சரிவு, விடிகாலைக் குறைவு, நள்ளிரவுக்குப் பிந்தைய உயர்வு என்று அடர்த்தியின் ஏற்ற இறக்கமே கேள்வியானால் அயனோசோண்ட்தான். இங்கே டெக்கை மட்டும் வைத்து எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காந்த நடுக்கோட்டை ஒட்டி ஒரு நிலையமும், சற்று வடக்கே ஒன்றும் கிடைத்தால் இன்னும் நல்லது. நடுக்கோட்டில் காந்தப்புலக் கோடு படுத்த வாக்கில் இருப்பதால் வடக்கு தெற்குக் காற்றால் அடுக்கைத் தூக்கவோ இறக்கவோ முடியாது. மின்புலம் மட்டுமே அசைக்கும். வடக்கே போனால் இரண்டும் சேர்ந்து அசைக்கும். இரண்டு நிலையங்களின் உயர வித்தியாசத்திலிருந்து காற்றின் பங்கைப் பிரித்துவிடலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

பள்ளமும் மேடும் பருவத்தோடு எப்படி மாறுகின்றன என்றால் ஸ்வார்ம். குமிழியின் அளவு, வேகம், கிளைகள் என்றால் வான் ஒளிர்வு.

ஒருவருக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால், டெக்கில் இரண்டு மாத இரவுகளைச் சலித்து, அதிலிருந்து பத்து இரவுகளை மட்டும் பொறுக்கி, அந்தப் பத்துக்கு அயனோசோண்ட் பதிவு கேட்டுக் கடிதம் எழுதச் சொல்வேன். 730 படங்களைக் கையால் படிப்பது ஒரு மாணவரால் முடியும். தேதி குறிப்பிட்டுக் கேட்டால் தருபவர்களுக்கும் எளிது.

எல்லோருக்கும் 2024 மே 10 இரவின் மேல் ஒரு கண். லடாக்கின் ஹான்லேயில் சிவப்பு ஒளி தெரிந்த அந்தக் காந்தப் புயல், இந்திய நேரம் இரவு பத்தரை மணி வாக்கில்தான் தாக்கியது. நம் இரவுக்கு நடுவிலேயே. எடுங்கள், ஆனால் அதே மாதத்தின் ஐந்து அமைதியான நாட்களை முதலில் வரைந்து வைத்துவிட்டு எடுங்கள். அது இல்லாமல் புயல் எதை மாற்றியது என்று சொல்ல வழியே இல்லை.

கோப்பு இறக்கும்போது ஒன்று. ஒரு நாளின் கோப்பு உலக நேரப்படி முடியும்போது இந்தியாவில் காலை 5:30. தரையில் விடிவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்பே 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளி விழுந்துவிடும். மார்ச் மாதத் திருநெல்வேலிக்கு அது ஐந்தேகால் மணி வாக்கில். அதாவது விடிகாலைக் குறைவு முடிந்து அடர்த்தி திரும்ப ஏறத் தொடங்கிய கால் மணி நேரத்தில் கோப்பு முடிந்துவிடும். அடுத்த நாள் கோப்பையும் சேர்த்தே இறக்கிக்கொள்ளுங்கள்.